போர்நாட்டிலிருந்து வீடு வரை: கூலிக்குப் போனவர்கள் திரும்பி வந்த வழி

(சிவாஜிநகரில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

போர் நடக்கும் அயல்நாட்டில் சம்பளத்துக்கு உழைத்த ஒருவர் தம் வீட்டு வாசலை அடையும்வரை கடக்க வேண்டியிருந்த வழி, படைவரலாறுகளிலும் பொருளியல் நூல்களிலும் அடிக்குறிப்பு அளவிலேயே இடம்பெற்று வந்திருக்கிறது. போருக்குப் போன சிப்பாய் திரும்பி வருவதற்கு அரசு ஓர் ஒழுங்கை வகுத்து வைத்திருக்கிறது. அவருக்குப் பணிவிடுப்புச் சான்று உண்டு, ஓய்வூதியம் உண்டு, இறந்துபட்டால் கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கமும், எல்லோருக்கும் வாய்க்காவிட்டாலும், உண்டு. அதே களத்தில் தண்ணீர் சுமந்தவருக்கும், லாரி ஓட்டியவருக்கும், போர் வந்து சூழ்ந்த ஊரில் பிறர் வீட்டுக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் அப்படி ஓர் ஒழுங்கு இருந்ததில்லை. அவர்கள் திரும்பி வருவது ஒவ்வொரு முறையும் புதிதாக, அவசர அவசரமாக, பெரும்பாலும் அவர்கள் கைப்பணத்திலேயே நடந்திருக்கிறது. அந்தப் பயணமே ஓர் இழப்பு, அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்று உலக நாடுகள் பெரிய அளவில் எழுத்தில் ஒப்புக்கொண்டது 1990இல் இராக் குவைத்தின்மீது படையெடுத்ததற்குப் பிறகுதான். அந்த ஒப்புதல் எவ்வாறு வந்தது, அதற்கு முன்னும் பின்னும் ஏன் வரவில்லை என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

இப்பொருளைப் பேசச் சிவாஜிநகருக்கு உள்ள உரிமை பெரிது. 1809ஆம் ஆண்டளவில் பிரித்தானியர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றி, அல்சூர் ஏரியை ஒட்டிக் கண்டோன்மென்ட் என்னும் படைக்குடியிருப்பை அமைத்தபோது, அதனோடு வந்தவர்களிலும் பிழைப்புக்காக அதைத் தேடி வந்தவர்களிலும் பெரும்பகுதியினர் ஆர்க்காட்டையும் அதைச் சூழ்ந்த தமிழ்ப் பகுதிகளையும் சேர்ந்தவர்கள். அன்று பிளாக்பள்ளி என்று வழங்கிய இன்றைய சிவாஜிநகர் அவர்களுடைய குடியிருப்பாகவும் கடைத்தெருவாகவும் வளர்ந்தது. இன்ஃபன்ட்ரி ரோடு இன்றும் காலாட்படையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்போது காமராஜர் பெயரால் அழைக்கப்படும் சாலை முன்பு குதிரைப்படையின் பெயரால் கேவல்ரி ரோடு எனப்பட்டது. தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் உள்ள ‘தண்டு’ படையைக் குறிப்பது. படை இருக்கும் இடத்தில் புல்லும் விறகும் இறைச்சியும் வேண்டும், துணி வெளுக்க ஆள் வேண்டும், சமைக்கவும் கழிவு அகற்றவும் ஆள் வேண்டும். இவற்றை ஒப்பந்தம் எடுத்து வழங்கியவர்களில் சிலர் பெருஞ்செல்வர் ஆயினர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டு 1873இல் தொடங்கிய கல்விப்பணி இந்நகரில் இன்னும் நிலைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள் இப்படி வாழ, சுமை தூக்கியவர்களின் பெயர்கள் மறைந்தன.

அந்தச் சுமைதூக்கிகளைப் படைக்கணக்குகள் ‘ஃபாலோயர்’ என்று எழுதின. படையைப் பின்தொடர்ந்து செல்லும் ஆயுதமற்ற பணியாளர் என்பது இதன் பொருள். கோவேறு கழுதை ஓட்டுபவர், நோயாளிகளைத் தூக்கிச் செல்பவர், தோற்பையில் தண்ணீர் கொண்டுசெல்லும் பிஸ்தி, சமையற்காரர், துப்புரவாளர் என்று பலரையும் இது உள்ளடக்கியது. முதல் உலகப் போரில் இந்தியாவில் சேர்க்கப்பட்ட 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு ஆயுதம் ஏந்தாதவர்கள் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. இவர்களில் மிகப் பெரும் பங்கினர் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பப்பட்டனர். அங்கே இந்தியாவிலிருந்து சென்றவர்களில் ஏறக்குறையச் சரிபாதி ஆயுதமற்ற பணியாளர்களே. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படைப்பிரிவும் அங்கே பாலமும் பாதையும் அமைத்தது. இவர்கள் அனைவரும் இறங்கியதும் பின்னர்த் திரும்பக் கப்பலேறியதும் பாஸ்ரா துறைமுகத்தில். அந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1990இல் அது மறுபடியும் வருகிறது.

இந்தப் பணியாளர்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் ராதிகா சிங்கா. அவர் ஆய்வு வெளிக்கொணர்ந்தவற்றுள் முதன்மையானது, வீடு திரும்பும் தேதி என்பதே கூலிக்காரருக்கும் அரசுக்கும் இடையே நடந்த இழுபறியின் மையமாக இருந்தது என்னும் உண்மை. பிரான்சுக்கு 1917இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட தொழிலாளர்கள் ஆண்டு முடிந்ததும் ஊருக்கு அனுப்பச் சொல்லி நின்றனர். மெசபடோமியாவிலோ ‘போர் முடியும் வரை’ என்று கைநாட்டு வைத்தவர்களுக்கு, போர் எந்த நாளில் முடிந்ததாகக் கொள்வது என்பதே விடை கிடைக்காத கேள்வியாயிற்று. 1918 அக்டோபர் இறுதியில் துருக்கியோடு போர்நிறுத்தம் கையெழுத்தான பின்னும் அங்கே ரயில் பாதையும் துறைமுகமும் ஆள் கேட்டன. 1920இல் இராக்கியர் கிளர்ந்தெழுந்தபோது இந்தியாவிலிருந்து மேலும் படை போயிற்று. தண்டனைக் குறைப்புக்கு ஆசைப்பட்டுச் சிறைகளிலிருந்து தொழிற்படையில் சேர்ந்து சென்றவர்களும் அங்கே இருந்தனர். ஆயுதம் ஏந்தியவருக்குக் கிடைத்த படியும் ஓய்வூதிய உரிமையும் இவர்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. 1919இல் முன்னாள் சிப்பாய்களின் நலனுக்கென்று வாரியம் ஒன்று அமைந்தது; கூலிகளின் நலனுக்கென்று எதுவும் அமையவில்லை.

பாஸ்ராவுக்கு அருகே மாக்கில் என்னும் இடத்தில் 1929இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் மெசபடோமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. பிரித்தானியர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதன் சுவரில் இடம்பெற்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். இந்தப் பாகுபாட்டை, அந்தச் சின்னத்துக்குப் பொறுப்பான போர்க்கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருந்தியிருக்கிறது. துப்பாக்கி ஏந்தியவருக்கே இதுதான் நிலை என்றால், தோற்பை ஏந்தியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளியின் பெயரை எழுதி வைக்காமல் விடுவது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது என்பதற்கு அந்தச் சுவர் ஓர் ஆவணம். பெயர் எழுதப்பட்டால் என்ன நிகழும் என்பதைக் குவைத் காட்டியது.

அரை நூற்றாண்டு கழித்து மக்கள் போனது போருக்கு அல்ல, எண்ணெய் வளம் கொழித்த அமைதியான நாட்டுக்கு. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகள் ஆட்களைத் தேடின. கேரளமும் தமிழகக் கடற்கரையும் கடலோரக் கர்நாடகமும் ஆந்திரமும் ஆட்களை அனுப்பின. பெங்களூர்த் தண்டுப் பகுதியிலிருந்தும் ஓட்டுநர்களும் தையற்காரர்களும் மெக்கானிக்குகளும் கணக்கர்களும் செவிலியரும் சென்றனர். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதே குடும்பத்தின் வரவு செலவாக மாறிய தெருக்கள் தென்னிந்தியாவில் நூற்றுக்கணக்கில் உண்டு. இந்தப் போக்கை ஒழுங்குபடுத்தவே 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆள் அனுப்பும் ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறைந்த படிப்பு உடையவர்கள் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்னும் அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்று அது விதித்தது. புறப்பாட்டைப் பற்றி மிக விரிவாகப் பேசும் அந்தச் சட்டம், திரும்பி வருவதைப் பற்றிச் சொல்வது குறைவு. நடுவழியில் தவிக்கும் தொழிலாளியை ஊர் கொண்டுவரும் செலவை ஏஜெண்டின் பிணைத்தொகையிலிருந்து எடுக்கலாம் என்னும் அளவோடு அதன் கவலை நின்றுவிடுகிறது. ஒரு முதலாளி ஓடிப்போனால் அந்த ஏற்பாடு உதவக்கூடும். ஒரு நாடே காணாமல் போகும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணியிருக்க முடியாது.

1990 ஆகஸ்டு 2 விடியலில் இராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்து அதே நாளில் தலைநகரைக் கைப்பற்றியது. அப்போது அங்கே ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். விமான நிலையம் மூடப்பட்டது, வங்கிகள் மூடப்பட்டன, சம்பளம் கொடுக்க வேண்டியவர்களில் பலர் சவூதிக்குத் தப்பிச் சென்றனர். மூன்று டாலருக்கும் மேல் மதிப்புக் கொண்டிருந்த குவைத் தினார் சில வாரங்களில் எங்கும் செல்லாத காகிதமாயிற்று. இராக் முதலில் அதைத் தன் தினாருக்குச் சமமாக்கிப் பின்னர் அறவே ஒழித்தது. பத்து ஆண்டுச் சேமிப்பைக் குவைத் வங்கியில் வைத்திருந்தவரும், அந்த மாதம்தான் வந்து இறங்கியவரும் ஒரே இரவில் ஒரே நிலைக்கு வந்தனர். எனினும் இருவரின் துயரமும் ஒன்றல்ல: பின்னவர் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியேறுவதற்கு முதல் தடை பாஸ்போர்ட். வளைகுடா நாடுகளில் அன்று வழங்கிய கஃபாலா முறைப்படி, ஒவ்வோர் அயல்நாட்டுத் தொழிலாளியும் கஃபீல் எனப்படும் ஓர் உள்ளூர்ப் பொறுப்பாளரின் கீழ் இருந்தாக வேண்டியிருந்தது. அவரே வேலை தருபவர், தங்கும் உரிமைச் சீட்டான அக்காமாவுக்கும் அவரே பொறுப்பு. தொழிலாளியின் பாஸ்போர்ட் வழக்கமாக அவர் பெட்டியில்தான் இருந்தது. கஃபீல் ஓடிப்போன வீட்டில், பூட்டிய பெட்டியும் வெளியே நிற்கும் தொழிலாளியும் மிஞ்சினர். வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களின் நிலை இன்னும் கடினம். தூதரகம் எங்கே இருக்கிறது என்றே அறியாமல் நான்கு சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் ஒற்றைத்தாள் பயணச்சான்று எழுதிக் கொடுத்தது. குவைத்தில் இருந்த தூதரகங்களை மூடச் சொல்லி இராக் கெடு விதித்தபோது இந்தியா தன் அலுவலர்களைப் பாஸ்ராவுக்கு மாற்றியது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் கூலிகள் கப்பலேறிய ஊரில், மறுபடியும் இந்தியத் தொழிலாளரின் பெயர்கள் பதிவாகத் தொடங்கின.

கடல் வழி கெடுபிடியில் இருந்தது. தெற்கே சவூதி எல்லையில் படைகள் குவிந்துகொண்டிருந்தன. எஞ்சியது படையெடுத்தவனின் நாட்டுக்குள்ளேயே சென்று மறுபுறம் வெளியேறும் வழி: குவைத்திலிருந்து பாஸ்ரா, அங்கிருந்து பாக்தாத், அங்கிருந்து மேற்கே பாலைநிலத்தைக் கடந்து ஜோர்டான் எல்லை, பிறகு அம்மான். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். இதற்கு இராக்கின் இசைவு வேண்டியிருந்தது. வி.பி. சிங் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால் ஆகஸ்டு மாதத்திலேயே பாக்தாத் சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். இருவரும் தழுவிக்கொண்ட புகைப்படம் உலகெங்கும் வெளியாகிக் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஒரு சிறுநாட்டை விழுங்கியவரோடு அத்தகைய நெருக்கம் தகுமா என்னும் கேள்வி நியாயமானதே. ஆனால், பேருந்துகள் இராக்கைக் கடந்து போக வேறு எவரிடமும் இசைவு கேட்டிருக்க முடியாது என்பதையும் அந்தக் கண்டனத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரோடு ஒப்பிடும்போது ஓர் அமைச்சரின் நற்பெயர் கொடுக்கத்தக்க விலையே.

பேருந்துகளைப் பெரும்பாலும் பயணிகளே பணம் திரட்டி அமர்த்தினர். குவைத்தில் நெடுங்காலம் தொழில் செய்துவந்த இந்தியர்கள் குழுக்கள் அமைத்து, பெயர்ப் பட்டியல் எழுதி, வண்டிக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்பினர். இந்த மீட்பைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவற்றில் அரசின் பங்கும் விமானங்களின் எண்ணிக்கையும் பெற்ற இடத்தை இந்தக் குழுக்களின் எழுத்துவேலை பெறவில்லை. பாலைவனத்தில் உயிரைக் காத்தது தண்ணீர் என்றால், எல்லைச் சாவடியில் மனிதரைக் காத்தது பட்டியல். பெயர் இல்லாதவர் வரிசையில் நின்றும் பயனில்லை. இதற்கிடையே ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை ஆகஸ்டு 6ஆம் தேதி 661ஆம் தீர்மானத்தின் வழியே இராக்கின்மீதும் கைப்பற்றப்பட்ட குவைத்தின்மீதும் வணிகத்தடை விதித்தது. மனிதநேய நிலையில் உணவுக்கு விலக்கு இருந்தும், அதை யார் எப்படிக் கொண்டுபோவது என்பது வாரக்கணக்கில் தீரவில்லை. தடைக்குழுவின் ஒப்புதல் பெற்று ‘விஷ்வ சித்தி’ என்னும் இந்தியக் கப்பல் உணவுப்பொருள் கொண்டு சென்றது செப்டம்பரில்தான்.

ஜோர்டான் அப்போது சிறிய, வறிய நாடு. ஆகஸ்டு இறுதிக்குள் எகிப்தியரும் ஆசியரும் லட்சக்கணக்கில் எல்லையில் குவிந்தபோது அது சிறிது காலம் எல்லையை மூடவும் நேர்ந்தது. இராக்கியச் சாவடிக்கும் ஜோர்டானியச் சாவடிக்கும் இடைப்பட்ட, எவருக்கும் உரியதல்லாத நிலப்பரப்பில் ஷாலான் என்ற பெயரில் கூடாரமுகாம்கள் எழுந்தன. பின்னர் அஸ்ராக்கில் ஒழுங்கான முகாம் அமைந்தது. இந்தியரும் வங்காளதேசத்தவரும் இலங்கையரும் பிலிப்பினோக்களும் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தத்தம் நாட்டு விமானத்துக்காகக் காத்திருந்தனர். எந்த நாட்டுக்கு விமானம் இருக்கிறது, எந்த நாட்டுக்கு இல்லை என்பதே அங்கே மனிதர்களைப் பிரித்த கோடு. விமானத்துக்குப் பணமில்லாத நாடுகளின் தொழிலாளருக்குப் பன்னாட்டுக் குடிபெயர்வு அமைப்பு ஏற்பாடு செய்தது. இந்தியாவிடம் ஏர் இந்தியா இருந்தது. ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை, 59 நாள்களில், 488 பயணங்களில் 1,11,711 பேரை அது அம்மானிலிருந்து 4,117 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. குடிமை விமானங்களால் நடந்த மிகப் பெரிய மீட்பு என்று இது கின்னஸ் பதிவேட்டில் உள்ளது.

கின்னஸ் பதிவேடு பம்பாயோடு முடிகிறது. பயணம் அங்கே முடியவில்லை. இலக்கில்லாமல் இறக்கிவிடப்பட்டவர்கள் அல்லர் அவர்கள். ஆனாலும் பம்பாயிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் திருச்சிக்கும் இன்னும் ஓர் இரவும் பகலும் ரயிலில் கடக்க வேண்டியிருந்தது. கையில் பெட்டி இல்லாமல் வளைகுடாவிலிருந்து திரும்புவது அக்காலத்துத் தென்னிந்தியத் தெருவில் எவரும் காணாத காட்சி. வானொலிப் பெட்டியும் சென்ட்டும் துணியும் சாக்லேட்டும் கொண்டு வருவதே திரும்புதலின் முறையாக இருந்தது. வெறுங்கையோடு வந்தவரின் உயிர் பிழைத்ததற்கு உறவினர் மகிழ்ந்தனர். கடன் கொடுத்தவர் அடுத்த வாரம் வந்தார். இந்த இரண்டாம் கட்டத்தை அளக்க எந்தப் பதிவேடும் இல்லை. நாட்டின் கணக்கில் மட்டும் அது தெரிந்தது: எண்ணெய் விலை உயர்ந்ததும், வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்ததும் சேர்ந்து அன்னியச் செலாவணி இருப்பைக் கரைக்க, 1991இல் இந்தியா தன் தங்கத்தை விற்கவும் அடகு வைக்கவும் வேண்டி வந்தது. அதுகாறும் அந்த இருப்பைத் தாங்கியவர்களில் மெக்கானிக்குகளும் பணிப்பெண்களும் இருந்தனர் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இலங்கைப் பெண்களைப் பற்றி இங்கே தனியே சொல்ல வேண்டும். குவைத்தில் வீட்டுவேலைக்குப் பெருந்தொகையாகச் சென்றிருந்தவர்கள் அவர்கள்; அவர்களுள் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் போர் மறுபடியும் மூண்டிருந்தது. குவைத் வீழ்ந்த மறுநாள், ஆகஸ்டு 3ஆம் தேதி, கிழக்கு மாகாணத்துக் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அம்மான் விமானங்கள் ஓய்ந்த அதே அக்டோபரின் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஆகவே வடக்கையோ கிழக்கையோ சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, பாலைவனத்தைக் கடந்து வந்து சேர வேண்டிய வீடு இருக்கிறதா என்பதே ஐயத்துக்குரியது. மீட்பு என்னும் கருத்து, ஒரு முனையில் போரும் மறுமுனையில் அமைதியான வீடும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அந்த எடுகோள் எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்பதை மீட்பின் வரலாற்றை எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

இனி இவ்வுரையின் மையப் பகுதி. 1991 ஏப்ரல் 3ஆம் தேதி நிறைவேறிய 687ஆம் தீர்மானம், படையெடுப்பால் நேர்ந்த இழப்புகளுக்கு இராக்கே பொறுப்பு என்று அறிவித்தது. அடுத்த மாதமே 692ஆம் தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையம் ஜெனிவாவில் அமைக்கப்பட்டது. இராக் விற்கும் எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து இழப்புற்றோருக்கு வழங்குவது அதன் பணி. கோரிக்கைகள் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. காயமும் மரணமும் ‘பி’, ஒரு லட்சம் டாலருக்கு உட்பட்ட தனிமனித இழப்புகள் ‘சி’, அதற்கு மேற்பட்டவை ‘டி’, நிறுவனங்களுக்கு ‘இ’, அரசுகளுக்கு ‘எஃப்’. இவையெல்லாம் சட்ட உலகுக்குப் பழக்கமானவை. புதுமை ‘ஏ’ வகையில் இருந்தது: 1990 ஆகஸ்டு 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையே இராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேறியவர் என்பது ஒன்றே போதும், வேறு இழப்பு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தனியாளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர். பிற வகைகளில் கோருவதில்லை என்று உறுதி கூறினால் முறையே 4,000, 8,000. போரால் துரத்தப்பட்டு வீடு திரும்ப நேர்ந்ததே ஒரு காயம், அதற்குத் தழும்பைக் காட்டத் தேவையில்லை என்று ஒரு பன்னாட்டு மன்றம் ஏற்றுக்கொண்டது.

இவ்விதி தொழிலாளருக்கு எவ்வளவு உகந்தது என்பதை வழக்குமன்றங்களின் வழக்கமான நடைமுறையோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். வழக்கமாக, கேட்பவரே ஒவ்வொரு ரூபாயையும் மெய்ப்பிக்க வேண்டும். சம்பளச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக்கணக்கு, சாட்சி என எல்லாம் வேண்டும். பாஸ்போர்ட்டே கையில் இல்லாமல் ஓடி வந்த பணிப்பெண் இவற்றுக்கு எங்கே போவார்? ‘ஏ’ வகை அவரை இச்சுமையிலிருந்து விடுவித்தது. அவர் உண்மையில் அங்கே இருந்தார், அங்கிருந்து வெளியேறினார் என்பதை ஆணையமே கணினி வழியே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டது. விமான நிறுவனங்களும் அரசுகளும் குடிபெயர்வு அமைப்பும் வைத்திருந்த பயணிகள் பதிவுகளைக் கோரிக்கைப் படிவங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். பசியோடும் பதற்றத்தோடும் முகாம்களிலும் விமானப் படிக்கட்டுகளிலும் எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல்கள் இவ்வாறு சான்று ஆயின. அவற்றை எழுதியவர்கள் அப்படி ஒரு பயனை நினைத்து எழுதவில்லை. 1990 செப்டம்பரில் ஆணையம் என்ற ஒன்று வரப்போவது எவருக்கும் தெரியாது.

ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ‘ஏ’ கோரிக்கைகள் ஆணையத்தை அடைந்தன. அவ்வகையில் மட்டும் 300 கோடி டாலருக்கும் மேல் வழங்கப்பட்டது. இந்தியக் கோரிக்கைகளைத் திரட்டி அனுப்ப வெளியுறவு அமைச்சகத்தில் குவைத்துக்கென்றே தனிப்பிரிவு இயங்கியது. குறை ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கில்லை. இராக் எண்ணெய் விற்க இசைவு பெற்று, 1996 இறுதியில் விற்பனை தொடங்கிய பிறகே பணம் தாராளமாக வந்தது. 1990இல் கடனாளியாகத் திரும்பியவர் ஆறேழு ஆண்டுகள் அந்தக் கடனோடு வாழ்ந்தார். வட்டிக்கு எந்த வகையிலும் இடமில்லை. இன்னொரு நெருடலும் உண்டு: அந்தப் பணம் இராக்கிய மக்களின் எண்ணெயிலிருந்து, அவர்கள் தடைகளால் மருந்துக்கும் உணவுக்கும் தவித்த ஆண்டுகளில் எடுக்கப்பட்டது. ஒரு சர்வாதிகாரியின் குற்றத்துக்கு அவர் குடிகள் கொடுத்த விலை அது. இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்த நியாயம் பஞ்சத்தின் ஊடாக வந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. எனினும், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஆன அந்த 2,500 டாலர், வீட்டைக் கடனிலிருந்து மீட்கவோ ஒரு மகளை மணமுடித்துக் கொடுக்கவோ போதுமானதாக இருந்தது. குவைத் விடுவிக்கப்பட்டதும் மறுபடியும் அங்கேயே வேலைக்குப் போனவர்களும் அதைப் பெற்றவர்களில் உண்டு. ஆணையம் தன் கடைசித் தவணையை வழங்கியது 2022 ஜனவரியில். மொத்தம் 5,240 கோடி டாலர், படையெடுப்பு நடந்து முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து.

இதற்குப் பின் வந்த போர்களில் இத்தகைய ஒப்புதல் திரும்ப வரவில்லை. 2003க்குப் பின் அமெரிக்கப் படை இராக்கில் நிலைகொண்டபோது சமையலும் சலவையும் லாரி ஓட்டுவதும் வளைகுடா நிறுவனங்களின் வழியே ஆசியத் தொழிலாளருக்குத் துணை ஒப்பந்தமாக விடப்பட்டன. படைக்குப் பின்னால் செல்லும் பணியாளர் என்னும் பழைய ஏற்பாடு, சம்பளப் பட்டியலைத் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தது. 2004இல் மூன்று இந்திய லாரி ஓட்டுநர்கள் உட்பட எழுவர் அங்கே பிணையாகப் பிடிக்கப்பட்டு வாரங்கள் கழிந்து விடுவிக்கப்பட்டனர். அதை ஒட்டி இந்தியா இராக்குக்கு வேலைக்குச் செல்வதைத் தடைசெய்தது. தடையால் போக்கு நிற்கவில்லை. சட்டபூர்வமாகப் போனவர், சட்டத்துக்குப் புறம்பாகப் போகலானார், அவர் பெயர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு ஒப்பந்தங்களில் வேலை செய்பவர் எந்த நாட்டவராயினும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்பீடு பெற வேண்டும் என்று 1941ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்கச் சட்டம் ஒன்று சொல்கிறது. அந்த உரிமையை அறிந்திருந்த ஆசியத் தொழிலாளர் மிகச் சிலரே.

லிபியாவிலிருந்து 2011இல், ஏமனிலிருந்து 2015இல், சூடானிலிருந்து 2023இல் இந்திய அரசு தன் மக்களை மீட்டது. மூன்றும் திறம்பட நடந்தவை என்பதில் ஐயமில்லை; 1990இன் அனுபவம் அரசுக்குப் பாடமாக இருந்திருக்கிறது. 2009இல் தூதரகங்களில் அமைக்கப்பட்ட இந்தியச் சமூக நலநிதி, தவிப்பவருக்கு உடனடி உணவும் பயணச்சீட்டும் தர வழிசெய்தது. சூடானிலிருந்து ‘ஆபரேஷன் காவேரி’ மூலம் வந்தவர்களில் கர்நாடகத்தின் ஹக்கிபிக்கிப் பழங்குடியினர் குறிப்பிடத்தக்கவர்கள். மூலிகை மருந்தும் தலைக்கு எண்ணெயும் விற்க ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்லும் அவர்கள், போர் மூண்டபோது அல்ஃபாஷிர் உள்ளிட்ட நகரங்களில் அகப்பட்டுக்கொண்டனர். போர்ட் சூடான் துறைமுகத்தை அடைந்து, செங்கடலைக் கடந்து ஜெட்டா வழியாக அவர்கள் பெங்களூரில் வந்திறங்கினர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாதவர்கள் இந்நகரில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டனர். கடன் வாங்கி முதலீடு செய்த சரக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவர்கள் யார்மீது கோரிக்கை வைப்பது? 1991இல் தோற்ற ஓர் அரசும் அதனிடம் எண்ணெயும் இருந்தன. சூடானில் இரண்டு தளபதிகள் போரிட்டுக்கொண்டிருக்கின்றனர். பொறுப்பேற்கவும் ஆளில்லை, பிடித்தம் செய்யவும் வருவாய் இல்லை.

ஆனால் 1990 ஆகஸ்டில் அம்மான் விமானத்தில் ஏறியவர்களுக்கும் அத்தகைய எதிர்த்தரப்பு ஒன்று கண்ணில் தென்படவில்லை. அன்று செய்யக்கூடியதாக இருந்தது பெயரை எழுதுவது. அது எழுதப்பட்டதால் பின்னர் வந்த ஆணையத்துக்கு வேலை எளிதாயிற்று. இன்றைய மீட்புகளில் பயணிகளின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பதிவாகின்றன. அவற்றோடு, வேலை தந்தவர் யார், எத்தனை மாதச் சம்பளம் நிலுவை, விட்டுவந்த சரக்கும் கருவியும் எவை என்பவற்றை வந்திறங்கும் இடத்திலேயே ஒற்றைத்தாளில் எழுதி வாங்கி, முத்திரையிட்டு, ஒரு படியைத் தொழிலாளியிடமும் மற்றொரு படியை அமைச்சகத்திலும் வைப்பதை 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு விமானத்தின் எரிபொருளில் மிகச் சிறு பங்கு. சூடானில் என்றேனும் ஓர் உடன்பாடு எழுதப்படுமா, எழுதப்பட்டால் அதில் அயல்நாட்டுத் தொழிலாளரின் இழப்புக்கு இடம் இருக்குமா என்பதை எவரும் இன்று சொல்ல முடியாது. இருக்குமானால், 2023 ஏப்ரலில் பெங்களூரில் இறங்கியவர் அன்று எழுதிய தாளைத்தான் அங்கே கேட்பார்கள்.